வாசிச்சிட்டுது

ஏழாவது பிளொப்பியை உள்ளே தள்ளி நெம்பை மடக்கியதும் வாசிக்கும் கருவி முனகியது. முந்திய ஆறுக்கும் அது இப்படி முனகவில்லை. தனுசியா திரையைப் பார்த்தபடி இருந்தாள். சின்னச் சின்னச் சதுரங்கள் ஒவ்வொன்றாக நிரம்பிக்கொண்டு வந்தன. ஒழுங்காக வாசித்த இடம் பச்சை, வாசிக்க முடியாத இடம் சிவப்பு. முதலில் கொஞ்சம் பச்சை வந்தது. பிறகு ஒரு சிவப்பு. அதற்குப் பிறகு எல்லாமே சிவப்பு.

"தலையைத் துடை," என்று அடுத்த அறையிலிருந்து பொன்னம்பலம் சொன்னார்.

இரண்டு அறைகளுக்கும் நடுவே கதவு கிடையாது, ஒரு சீலைத் திரைதான். கட்டிலில் கிடந்தபடியே அவருக்குச் சத்தத்தில் விளங்கியிருந்தது. பிளொப்பியில் உரசி வாசிக்கும் அந்தச் சிறு முனையைத்தான் அவர் தலை என்பார்.

"ஓம் அப்பா."

பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து முனையைத் துடைத்தாள். ஸ்பிரிட்டும் பஞ்சும் அவளுடைய கைக்குப் பழகியவை. ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் இரத்தம் பரிசோதிப்பது அவள் வேலை. தகப்பனின் இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்டதை வைத்தியருக்கும் முந்திப் பார்த்தவள் அவள்தான். இனி இரத்தம் சுத்திகரிக்க வரமாட்டேன், வீட்டிலேயே கிடக்கிறேன் என்று அவர் சொன்னபோது வைத்தியர் கொஞ்ச நேரம் வாதாடினார். தனுசியா வாதாடவில்லை. அவருடைய உடுப்புகளை மடித்துப் பையில் வைத்தாள்.

"அவசரப்படாதை," என்றார் அவர் மறுபடியும். குரல் காற்றாக வந்தது. "காயவிட்டுப் போடு."

தாய் பராசக்தி கட்டிலுக்கு அருகில் கதிரை போட்டு இருந்தாள். அவள் ஏதோ சொல்வது கேட்டது. "அவளை இஞ்சை வந்து இருக்கச் சொல்லுங்கோவன்" என்பதுபோல இருந்தது. அவர் பதில் சொன்னாரா என்று தெரியவில்லை.

அந்த பிளொப்பிகள் தனுசியாவைவிட ஒரு வயது இளையவை. அவள் பிறந்தபோது பொன்னம்பலம் லண்டனுக்கு வடக்கே ஒரு சிறு கொம்பனியில் வேலை பார்த்தார். அந்தக் காலத்தில் யுனிக்ஸ் இயங்குதளம் என்றால் பெரிய நிறுவனங்களின் குளிரூட்டிய அறைகளுக்குள் ஓடுவது. அந்தக் கொம்பனி அதை ஒருவர் தன் மேசையில் வைத்துப் பாவிக்கும் அளவுக் கணினியில் ஓடவைத்து விற்றது. கூடவே மவுஸும் கொடுத்தார்கள். ஆனால் வாங்கியவர்களுக்குத் திரையில் கிடைத்தது வெறும் எழுத்து வரிகள்தான். யன்னல்களைத் திறந்து மூடும் மென்பொருள் பின்னால் வரும் என்று விளம்பரத்தில் இருந்தது. அதை எழுதிய நாலு பேரில் பொன்னம்பலமும் ஒருவர். எழுதி முடித்து, பிளொப்பிகளில் ஏற்றி, பெட்டிகள் வெளியே போகவிருந்த மாதத்தில் கொம்பனியை இழுத்து மூடிவிட்டார்கள். கணினி வாங்கியவர்களின் மேசைகளில் மவுஸ் ஒரு வேலையுமில்லாமல் கிடந்தது. பொன்னம்பலம் ஊருக்குத் திரும்பியபோது அவருடைய சூட்கேசில் ஒரு தொகுதி பிளொப்பி இருந்தது. அதைப் போட்டு ஓட்டுவதற்கான கணினி இருக்கவில்லை.

சென்ற வருடம்வரை அது ஒரு பிஸ்கற் ரின்னுக்குள் கிடந்தது. ஜேர்மனியில் ஒரு சிறு நகரத்தில் பழைய கணினிகளை வைத்திருக்கும் அருங்காட்சியகம் ஒன்றில் றோஸ் என்ற பெண் சனிக்கிழமைகளில் உதவிக்குப் போவாள். அவள் பிறந்தது யாழ்ப்பாணத்துக் குருநகரில். அங்கே அந்தக் கொம்பனியின் கணினி ஒன்றைத் திருத்தி ஓடவைத்திருந்தார்கள். யன்னல் மென்பொருளை மட்டும் எங்கே தேடியும் கிடைக்கவில்லை. கையேட்டின் கடைசிப் பக்கத்தில், வெள்ளைக்காரப் பெயர்களின் நடுவே ஒரு பொன்னம்பலம் இருப்பதை றோஸ் கண்டாள். குருநகரிலிருந்த சித்தியிடம் சொன்னாள். சித்தி யாரிடமோ கேட்டாள், அவர் இன்னொருவரிடம் கேட்டார். கடைசியில் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பலாலி வீதிக்குப் பின்னால், பல்கலைக்கழகப் பிள்ளைகள் வாடகைக்கு இருக்கும் வீடுகளுக்கு நடுவிலிருந்த இந்த வீட்டுக்குத் தொலைபேசி வந்தது.

பழைய பிளொப்பியை இன்றைய கணினி வாசிக்க உதவும் உள்ளங்கையளவு மின்பலகை ஒன்றை றோஸ் தபாலில் அனுப்பினாள்; அதை, கொழும்பில் பழைய சாமான் கடையில் பிடித்த பிளொப்பிக் கருவியோடு பொருத்தியது பொன்னம்பலம்தான். அதன் பிறகு அவருடைய விரல்கள் வீங்கத் தொடங்கின.

பராசக்தி அந்த ரின்னைத் தொட்டதே இல்லை. தொண்ணூற்றைந்தில், போர் நெருங்கி வலிகாமம் முழுவதும் தென்மராட்சிக்கு நடந்தபோது, அவர்களுடைய சைக்கிள் கரியரில் இன்னும் ஒரு சாமானுக்குத்தான் இடமிருந்தது. அவள் கலியாண அல்பத்தையும் பிள்ளைகளின் படங்களையும் ஒரு துவாயில் சுற்றி எடுத்து வைத்திருந்தாள். இருட்டில் கரியரைக் கட்டியவர் பொன்னம்பலம். நாவற்குழிப் பாலம் தாண்டிய பிறகுதான் அவர் எதைக் கட்டினார் என்று அவளுக்குத் தெரிந்தது. திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரையும் இல்லை, உள்ளே ஒன்றும் இல்லை. அதைப் பற்றி அவள் சண்டை பிடிக்கவில்லை. வீடு கூட்டும்போது அந்த ரின்னைச் சுற்றிக் கூட்டினாள். அதை அரக்கி நகர்த்திக் கூட்டியதில்லை.

தனுசியா பிளொப்பியை மீண்டும் போட்டாள். இம்முறை கருவி கீச்சிட்டது. பச்சை வந்த இடங்களும் சிவப்பாயின. வெளியே எடுத்து யன்னல் வெளிச்சத்தில் சரித்துப் பிடித்தாள். கறுப்பு உறையின் நீள் துவாரத்தில் தெரிந்த தட்டில் வெள்ளை வெள்ளையாய்ப் பொட்டுகள் இருந்தன. பூஞ்சணம். இதை இதற்கு மேல் சுழலவிட்டால் சுரண்டிவிடும்.

சீலைத் திரைக்கு அப்பால் அவர் ஏதோ கேட்டார். பராசக்தி சொன்ன பதில் ஒரே ஒரு சொல்லாகவோ இரண்டு சொல்லாகவோ இருந்தது. தனுசியா உறையின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒட்டியிருக்கிறார்களா, மடித்து உருக்கியிருக்கிறார்களா என்று யோசித்தாள்.

"தனு," என்றாள் தாய். "உதை வைச்சிட்டு வா."

அவசரமில்லாத குரல். தனுசியா பிளொப்பியை அதன் கடதாசி உறைக்குள் இட்டு, ரின்னில் வைத்து, மூடியைப் போட்டுவிட்டுத்தான் வந்தாள். பராசக்தியின் வலது கை அவருடைய நெஞ்சின்மேல் கிடந்தது. தனுசியா கட்டிலின் மற்றப் பக்கம் போய் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடிக்குமுன்பே தெரிந்திருந்தது. ஆனாலும் விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நல்ல வேட்டி அலுமாரியில மேல் தட்டில கிடக்கு," என்றாள் பராசக்தி. "கரை போட்டது."

* * *

தம்பி பிரவீணன் கனடாவிலிருந்து வந்து சேரும்வரை மலர்ச்சாலையில் பிரேதத்தை வைத்திருந்து, சனிக்கிழமை காலை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அடையாள அட்டைக்கு எடுத்த படத்தைப் பெருப்பித்து அஞ்சலிப் பதாகையில் போட்டிருந்தார்கள். காதுகள் இரண்டும் தெரிய, ஏதோ குற்றம் சாட்டப்பட்டவரைப்போல அதில் அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இளமைப் படம் ஒண்டும் கிடைக்கேல்லையோ?" என்று ஒருவர் கேட்டார்.

தனுசியா தாயைப் பார்த்தாள். பராசக்தி சவப்பெட்டியின் தலைமாட்டில் இருந்து, அவருடைய சால்வையின் ஒரு மடிப்பை நேராக்கினாள்.

"இல்லை," என்றாள் தனுசியா.

பிரவீணன் தலையில் தண்ணீர் வார்த்து, ஈர வேட்டியோடு ஐயர் சொன்னதையெல்லாம் செய்தான். இரண்டு நாள் நித்திரையில்லாத முகம். அவன் கடைசியாகத் தகப்பனோடு கதைத்தது மூன்று கிழமைக்கு முன்னால். அப்போது அவர் முழு நேரமும் பிளொப்பிக் கருவியைப் பற்றியே கதைத்தாராம். தனக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனால் போனை வைக்கச் சொல்லவும் மனம் வரவில்லை என்று வந்த அன்றே தமக்கையிடம் சொன்னான்.

சுண்ணம் இடித்து முடிந்தது. வாய்க்கரிசி போட்டார்கள். வாசலில் பறை அடிப்பவர்கள் எழுந்து நின்றார்கள். பெட்டியை மூடப்போகும் நேரத்தில் பிரவீணன் உள்ளறைக்குள் போய், பிஸ்கற் ரின்னோடு வந்தான்.

"அக்கா, இதையும் அப்பாவோடையே வைச்சு விடுவம்."

"நல்ல யோசனை தம்பி," என்றார் பக்கத்தில் நின்ற பெரியப்பா. "அந்த மனுசன் ஊர் ஊராய்க் காவித் திரிஞ்சது. போகேக்கை கொண்டுபோகட்டும்."

ஆட்கள் விலகி வழிவிட்டார்கள். ஆறு பிளொப்பியில் இருந்தது கணினியில் பத்திரமாக இருக்கிறது. ஏழாவது இல்லை. ஏழாவது இல்லாவிட்டால் மற்ற ஆறும் ஓடாது என்று அவர் சொல்லியிருந்தார். ஆனால் இத்தனை பேர் நடுவே, ஈர வேட்டியோடு நிற்கும் தம்பியிடம், அப்பாவோடு வைக்காதே, எனக்கு அதில் வேலை இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? அவன் குனிந்து, தகப்பனின் கால்மாட்டில் ரின்னுக்கு இடம் பார்த்தான்.

"அதை அங்கால வை," என்றாள் பராசக்தி.

பிரவீணன் நிமிர்ந்தான். "என்னம்மா?"

"அங்கால வை. அதிலை ஒண்டு வாசிக்கக் கிடக்கு."

அழுதுகொண்டிருந்தவர்கள்கூட ஒரு கணம் நிறுத்திவிட்டார்கள். பிரவீணன் தாயைப் பார்த்தான். பிறகு தமக்கையைப் பார்த்தான். ரின்னைச் சுற்றி அம்மா எப்படிக் கூட்டுவாள் என்று அவனும் அறிவான். ரின்னைத் தமக்கையின் கையில் கொடுத்தான். அவள் அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி நின்றாள். பெட்டியை மூடினார்கள்.

ஆண்கள் கோம்பயன்மணல் மயானத்துக்குப் போன பிறகு பெண்கள் வீட்டைக் கழுவத் தொடங்கினார்கள். பக்கத்து வீட்டுச் சுவர்ணா வாளி வாளியாய்க் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள். தனுசியாவும் பராசக்தியும் முழுகிவிட்டுப் பின் விறாந்தையில் ஈரத் தலையோடு இருந்தார்கள்.

"அவர் கேட்டவர்," என்றாள் பராசக்தி.

தனுசியா திரும்பினாள்.

"வாசிச்சிட்டுதோ எண்டு. நீ உள்ளுக்கை நிக்கேக்கை."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"வாசிச்சிட்டுது எண்டு சொன்னன்." பராசக்தி துவாயின் நுனியை முறுக்கித் தண்ணீரைப் பிழிந்தாள். "அதுக்குப் பிறகு அவர் ஒண்டும் கேக்கேல்லை."

உள்ளே ஈர்க்குமாறு நிலத்தில் உரசும் சத்தம் கேட்டது. சுவர்ணா யாருக்கோ கால் வழுக்கும், பார்த்து வா என்று சொன்னாள்.

"வாசிக்குமோ?" என்று கேட்டாள் தாய்.

"தெரியாது அம்மா. பூஞ்சணம் பிடிச்சிருக்கு."

"அப்ப துடை," என்றாள் பராசக்தி. "நான் சொல்லிப்போட்டன்."

* * *

சாம்பலைக் கரைக்கப் பிரவீணன் பெரியப்பாவோடு கீரிமலைக்குப் போன காலையில் தனுசியா குசினி மேசையைத் துடைத்து, வெள்ளைத் துணி விரித்தாள். ஆய்வுகூடத்திலிருந்து கொண்டுவந்த கையுறை, சத்திர வைத்தியத்துக்குப் பாவிக்கும் பிளேட், தும்பு விடாத துணி, ஸ்பிரிட் போத்தல். முந்தின இரவு றோஸ் தொலைபேசியில் எல்லாவற்றையும் விளக்கியிருந்தாள். சொல்லி முடித்துவிட்டு, "அக்கா, ஏலாட்டி விடுங்கோ. அங்கிளே இல்லை. நாங்கள் ஒண்டும் சொல்லமாட்டம்," என்றும் சொன்னாள்.

உறையின் மேல் ஓரத்தை மயிரளவு விட்டு வெட்டினாள். உள்ளிருந்து தட்டு வழுக்கி வந்தது. பழுப்புக் கறுப்பு நிறம், கடதாசி போல நெளிந்தது.

"இவ்வளவு மெல்லிசே," என்றாள் பராசக்தி.

அவள் எப்போது வந்து நின்றாள் என்று தனுசியா கவனிக்கவில்லை.

"இதைக் கொஞ்சம் பிடியுங்கோ அம்மா. நடு ஓட்டைக்குள்ளை விரலை விடுங்கோ. தட்டின்ரை முகத்திலை கை படக்கூடாது."

பராசக்தி நடுத் துவாரத்துக்குள் இரண்டு விரல்களை விட்டுத் தட்டைத் தூக்கிப் பிடித்தாள். தனுசியா நனைத்த துணியால் உள்ளிருந்து வெளியாக, அழுத்தாமல் துடைத்தாள். துணியில் வெள்ளை மாவுபோல ஒட்டிக்கொண்டு வந்தது. புதுத் துணி எடுத்தாள்.

"இதிலை என்ன எழுதியிருக்கு?"

தனுசியா துணியின் சுத்தமான பக்கத்தைத் திருப்பினாள். தகப்பன் பலமுறை சொல்லியிருந்ததை அம்மாவுக்கு எப்படிச் சொல்வது என்று பார்த்தாள்.

"திரையிலை ஒரு யன்னல் திறந்திருக்கு எண்டு வையுங்கோ. அதுக்கு மேலை இன்னொரு யன்னல் வந்து மூடுது. பிறகு அந்த மேல் யன்னலை விலத்தினால், கீழை இருந்தது முன்னம் இருந்தமாதிரியே திரும்பத் தெரியவேணும். இப்ப எல்லாப் போனும் அதைச் செய்யுது. அந்த நாளிலை, அந்த மிசினுக்கு, ஆரும் இருந்து எழுதினால்தான். அப்பா எழுதினது அந்தத் துண்டு."

"அது கஷ்டமே?"

"அவருக்கு ஒரு வருசத்துக்கு மேலை எடுத்தது."

பராசக்தி தட்டை மறுபக்கம் திருப்பிக் காட்டினாள்.

"நீ பிறந்து ஒண்டரை வருசத்தாலைதான் உன்னைப் பாக்க வந்தவர்," என்றாள். "தூக்கினவர். நீ வீரிட்டு அழத் துவங்கினனி, ஆரோ பிறத்தி ஆள் எண்டு. என்னட்டைத் திருப்பித் தந்திட்டு முத்தத்திலை போய் நிண்டவர்." தட்டை வெளிச்சத்துக்குச் சரித்தாள். "அங்கை என்ன செய்தனீங்கள் எண்டு நான் கேக்கேல்லை. அவர் சொல்லவும் இல்லை. சொல்லியிருந்தாலும் எனக்கு விளங்கியிராது."

"நான் சொன்னது விளங்கினதோ?"

"ஓம். இப்ப விளங்குது."

மின்விசிறிக்குக் கீழே பிடித்துத் தட்டைக் காயவைத்தார்கள். பழுதான வேறு ஒரு பிளொப்பியின் உறையை வெட்டி எடுத்து, அதற்குள் இதை நுழைத்தாள் தனுசியா. இருவரும் உள்ளறைக்குப் போனார்கள். கட்டில் கிடந்த அறையைக் கடக்கும்போது பராசக்தி சீலைத் திரையை ஒதுக்கி, கொளுக்கியில் மாட்டிவிட்டாள்.

முதல் தடவை பாதி சிவப்பாக வந்தது. தலையைத் துடைத்து, காயவிட்டு, மறுபடி போட்டாள். பச்சை கூடியது. மூன்றாம் தடவை கருவி முனகவில்லை. சதுரங்கள் நிரம்ப நிரம்பப் பராசக்தி கதிரையிலிருந்து எழுந்து நின்று, மகளின் தோளுக்கு மேலால் பார்த்தாள். கடைசியில் ஓரமாக இரண்டு சதுரம் மட்டும் சிவப்பாகவே நின்றன. எத்தனை தடவை போட்டும் அவை மாறவில்லை.

"அது போகாதோ?"

"போகாதுபோலை கிடக்கு."

தனுசியா எல்லாவற்றையும் றோஸுக்கு அனுப்பினாள். பதில் வரும்வரை பராசக்தி அந்தக் கதிரையைவிட்டு எழும்பவில்லை. சுவர்ணா கொண்டுவந்து வைத்த சோறு மூடியபடியே கிடந்தது. மத்தியானம் திரும்பியபின் றோஸின் குரல் பதிவு ஒன்று வந்தது. "அக்கா, அந்த ரெண்டு இடமும் வெறும் இடம். அதிலை ஒண்டும் எழுதியிருக்கேல்லை. பரவாயில்லை அக்கா. எல்லாம் வந்திட்டுது."

"திருப்பிப் போடு," என்றாள் பராசக்தி.

தனுசியா திருப்பிப் போட்டாள். கேட்டு முடித்ததும் தாய் எழுந்து போய்ச் சோற்றுக் கோப்பையைத் திறந்தாள்.

* * *

எட்டுச் செலவுச் சடங்கு நாளின் பின்னேரம் படையலுக்குக் குசினியில் கறிகள் கொதித்துக்கொண்டிருந்தன. பிரவீணனுடைய போனில் றோஸ் வீடியோவில் வந்தாள். நாற்பது வயது இருக்கும், கண்ணாடி போட்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் உயரமான சுவரும், கண்ணாடி அலுமாரிகளும் தெரிந்தன. ஆட்கள் குசுகுசுத்துக்கொண்டு நடந்தார்கள்.

"அன்ரி, தெரியுதோ?" என்று கேட்டுவிட்டு அவள் போனைத் திருப்பினாள்.

மஞ்சளேறிய பெரிய பெட்டி, அதற்கு மேல் சிறு திரை. திரை சாம்பல் நிறத்தில் இருந்தது. அதில் வெள்ளையாக ஒரு சதுரம் திறந்து கிடந்தது, உள்ளே வட்டமாய் ஒரு மணிக்கூடு. அதை அரைவாசி மூடிக்கொண்டு இன்னொரு சதுரம், அதில் எழுத்து வரிகள்.

"இது நேற்று முதல் தரம் ஓடினது. இஞ்சை நிண்ட எல்லாரும் கைதட்டினவை," என்றாள் றோஸ். "பாருங்கோ."

மூன்று பொத்தான் வைத்த மவுஸின்மேல் அவளுடைய கை தெரிந்தது. எழுத்து வரிகள் இருந்த சதுரம் மெல்ல வலப்பக்கம் நகர்ந்தது. அது விட்டுச் சென்ற இடத்தில் மணிக்கூட்டின் மிச்சப் பாதி வந்து சேர்ந்தது. முட்கள் சரியான நேரத்தைக் காட்டின.

பிரவீணன் போனைத் தாயின் முகத்துக்குக் கிட்டப் பிடித்தான். தனுசியா கையை நீட்டி, போனின் கீழ்ப்பக்கத்தைத் தாங்கிக்கொண்டாள்.

"பிள்ளை, அதைத் திருப்பி மூடுங்கோ," என்றாள் பராசக்தி.

றோஸ் மூடினாள். மணிக்கூடு பாதியாயிற்று.

"இனி விலத்துங்கோ."

விலத்தினாள்.

"இன்னொருக்கா."

பக்கத்து வீட்டுச் சுவர்ணா படையலுக்கு வெட்டிய வாழையிலைக் கட்டோடு வாசலில் வந்து நின்றாள். குனிந்து நின்ற மூன்று தலைகளையும் பார்த்தாள். இலைகளின் காம்பிலிருந்து நீர் சொட்டி அவளுடைய முழங்கை வழியே ஓடியது. கட்டை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு நின்றாள்.